தண்ணீர் படாத விரல்கள்

குவைத்
6.11.82

தெரசம்மாளுக்கு,

கர்த்தருடைய இரக்கத்தால் நான் இங்கே சுகம். அங்கே நீயும் என் தம்பி எபநேசரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அவன் சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கடிதம் என்றால் இப்படித்தானே தொடங்க வேண்டியிருக்கிறது.

விளாத்திகுளம் சோலைராஜ் லீவில் வருகிறார். அவர் கையில் ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். மிட்டாய் என்று நினைத்துத் திறந்து போட்டுவிடாதே. உள்ளே இருப்பது ரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்க்கிற குச்சிகள். என் ஆஸ்பத்திரியில் இப்போது நோயாளிகளே இதை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மூர் டாக்டர் மூத்திரத்தை நீல மருந்தில் கொதிக்கவைத்து நிறம் பார்க்கிறாரே, அதெல்லாம் பழைய வைத்தியம். ராத்திரிச் சீனியைக் காலையில் சொல்லும். ரத்தம்தான் அந்த நிமிஷத்தைச் சொல்லும்.

செய்யவேண்டியது இதுதான். விரல் நுனியில் ஊசியால் குத்து. பெரிய சொட்டாகக் குச்சியின் நுனியில் விழ வேண்டும். ஒரு நிமிஷம் கழித்துப் பஞ்சால் துடை. இன்னொரு நிமிஷம் பொறுத்து, டப்பாவின் மேலிருக்கிற நிறங்களோடு வைத்துப் பார். வெளிறின நீலம் நல்லது. கறுக்கக் கறுக்கச் சீனி கூடுதல். நிறத்துக்குப் பக்கத்திலேயே எண் போட்டிருக்கும். எண் படிப்பாய்தானே? மூன்று வேளையும் பார்த்து எனக்கு எழுது. இன்சுலின் எத்தனை யூனிட் என்பதை இனிமேல் இங்கே என் டாக்டரைக் கேட்டு நான் சொல்லுவேன்.

அம்மா சாகும்போது எபநேசருக்கு ஏழு வயசு. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. ஆர்.சி. வீட்டில் பெண் எடுத்தான். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை. ஜூன் மாசம் லீவில் வருவேன். அதுவரை ஊசி உன் கையில். கர்த்தர் அந்தக் கைக்குப் புத்தி கொடுப்பாராக.

எஸ்தர்ராணி

*

கோவில்பட்டி
30.11.82

அன்புள்ள மதினி அவர்களுக்கு,

தெரசம்மாள் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் இங்கே இருவரும் நலம். உங்கள் நலமும், கடல் கடந்தும் குறையாத உங்கள் கோபத்தின் நலமும் அறிய ஆவல். நீங்கள் வாயைத் திறக்கவில்லை என்று எழுதியிருந்ததைப் படித்து, உங்கள் தம்பிக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது.

டப்பா வந்தது. எண் படிக்கத் தெரியும். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் எண்பத்திரண்டு வாங்கினவள் நான்.

நீங்கள் சொன்னபடி மூன்று வேளையும் குத்துகிறேன். இவர் வத்தல் மண்டியில் நாள் முழுதும் நிற்கிறவர். கையெல்லாம் காரநெடி. அதனால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொல்லி, பிறகு குத்துகிறேன். காலையில் நூற்றிருபது. மற்ற இரண்டு வேளையும் நூற்றிருபதுக்கும் நூற்றெண்பதுக்கும் நடுவில். இங்கே டாக்டர் போட்டுக்கொடுத்த இருபது யூனிட்டே போதும் என்று படுகிறது. மழை பெய்து கரிசல் காலைப் பிடித்து இழுக்கிறது. அதிலும் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்வருகிறார். ஆள் திடமாகத்தான் இருக்கிறார்.

ஊசிதான் கோணியூசி மாதிரி இருக்கிறது. முதல் நாளே, "ஏட்டி, நீ ரத்தம் பாக்கியா, இல்ல பழி வாங்குதியா?" என்று கேட்டார். "உங்க அக்கா உத்தரவு" என்றேன். விரலை நீட்டிவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெரசம்மாள்

*

குவைத்
16.12.82

தெரசம்மாளுக்கு,

கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி உங்கள் வீட்டை நிறைப்பதாக. எனக்கு நைட் டியூட்டி. முதுகுவலியைத் தவிர மற்றபடி சுகம்.

நூற்றிருபதா? யாரிடம் சொல்கிறாய்? போன வருஷம் நானூறில் கிடந்தவன் அவன். இருபது வருஷ நர்ஸ் வேலையில் நான் பார்க்காத சீனி வியாதியா? உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தப்பு எங்கே என்று நீயே எழுதியிருக்கிறாய். கையைக் கழுவச் சொல்லிக் குத்துகிறாய். ஈர விரலில் ரத்தம் நீர்த்துப்போகும். நீர்த்த ரத்தம் சீனியைக் குறைத்துத்தான் காட்டும். பாலில் தண்ணீர் ஊற்றி விற்கிறவனுக்குத் தெரிந்த சங்கதி, கணக்கில் எண்பத்திரண்டு வாங்கினவளுக்குத் தெரியவில்லை.

இனிமேல் விரலில் ஒரு பொட்டுத் தண்ணீர் படக் கூடாது. உலர்ந்த துணியால் துடை, குத்து. அவ்வளவுதான். பிறகு என்ன எண் வருகிறது என்று பார்ப்போம். உண்மை வெளியே வரும்.

சமாதானப் பிரபு உன்னோடு இருப்பாராக.

எஸ்தர்ராணி

*

கோவில்பட்டி
7.1.83

மதினி அவர்களுக்கு,

புது வருஷத்தில் உங்களுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும். முதுகுவலிக்குத் தவிட்டு ஒத்தடம் நல்லது.

நீங்கள் சொன்னதுதான் சரிபோல. தண்ணீரே காட்டாமல், உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் குத்தினேன். காலையில் இருநூற்று நாற்பது. மத்தியானம் அதற்கும் மேல். ராத்திரி கருநீலம், டப்பாவில் கடைசிக்கு முந்தின கட்டம். மறுநாளும் அப்படியே. இத்தனை நாள் கழுவிக் கழுவி நோயை மறைத்துவிட்டேனோ என்று ராத்திரி தூக்கமில்லை.

ஆனால் ஒன்று. இங்கே டாக்டர் மூத்திரத்தைக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு, நீ ஏன் இப்படிப் பேயடிச்ச மாதிரி நிக்க?" என்கிறார். நான் யாரை நம்ப?

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் அதிரசம் சுடவில்லை. முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்.

இவருக்கு விரல் பத்தும் கருவேலமுள் தைத்த மாதிரி வீங்கிப்போயிருக்கிறது. அதை நம்மூர் வழக்கப்படி நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு உங்கள் டாக்டரைக் கேட்க வேண்டாம். சீனிக்கு என்ன செய்ய என்று மட்டும் சீக்கிரம் எழுதுங்கள்.

தெரசம்மாள்

*

குவைத்
22.1.83

தெரசம்மாளுக்கு,

நான் சுகம். அங்கே சுகமில்லை என்று எனக்கு முன்பே தெரியும்.

பார்த்தாயா? தண்ணீர் போனது, உண்மை வந்தது. அதிரசம் சுடவில்லை என்று நீயாக ஏன் சொல்கிறாய்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இனிப்பு என்றால் உயிர். கேட்டால் "கொஞ்சம்தான்" என்று கண்ணைச் சிமிட்டுவான். உனக்கு இளகின மனசு, அவன் முகம் வாடப் பொறுக்காது. அதனால்தான் பயப்படுகிறேன். பாசமாகக் கொடுக்கிறதும் விஷம்தான்.

நாளையிலிருந்து முப்பது யூனிட் போடு. குறைக்காதே. வேர்க்கிறது, மயக்கம் வருகிறது என்று நடிப்பான். இனிப்பு வாங்க எல்லா நோயாளியும் செய்கிற தந்திரம்தான். அப்போது குச்சியைப் பார். குச்சி கருநீலமாக இருந்தால் ஒரு சிட்டிகைச் சீனி கூடக் கொடுக்கக் கூடாது. அவன் அழுதாலும் சரி. நீ அழுதாலும் சரி.

ஊர் வழக்கம் என்று எதையாவது செய்துவைக்காதே. பச்சிலை வைத்தியம் பார்த்துக் காலைப் பறிகொடுத்தவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

பலத்த கரம் உங்களைத் தாங்கட்டும்.

எஸ்தர்ராணி

*

கோவில்பட்டி
14.2.83

மதினி அவர்களுக்கு,

உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நடந்ததைக் கேளுங்கள்.

முப்பது போட ஆரம்பித்து நாலைந்து நாள் இருக்கும். மண்டியில் வத்தல் மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். சட்டை வேர்வையில் தொப்பல். முதலாளி பூவனலிங்கம் அண்ணாச்சி ஓடிவந்து தோளைத் தொட்டிருக்கிறார். "ஏலே, யாருலே நீ? எங் கடையில உனக்கென்ன வேலை?" என்று அவரையே விரட்டியிருக்கிறார். சம்பளம் கொடுக்கிற மனுஷனை! நல்லவேளை, அவர் கோபப்படவில்லை. ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

கட்டிலில் கிடத்தினோம். என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இந்தப் பொம்பள யாரு?" என்றார். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவளைப் பார்த்து. பல் கிட்டித்துக்கொண்டது. கையும் காலும் வெட்டிவெட்டி இழுக்கிறது. நான் விரலைத் துடைத்துக் குத்திப் பார்த்தேன். கருநீலம்.

"என்னம்மா யோசிக்க? எதையாவது குடுக்கக் கூடாதா?" என்று அண்ணாச்சி சத்தம் போடுகிறார். ஒரு சிட்டிகை கொடுக்கக் கூடாது என்று நீங்கள் எழுதின கடிதம் ஜன்னலில் இருக்கிறது. நான் நடுவில் நிற்கிறேன்.

பிறகு தெளிந்துவிட்டார்.

இது நடிப்பு இல்லை. உங்கள் தம்பிக்கு நடிக்க வராது. உங்கள் டாக்டரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். கருநீலம் இருக்கும்போது ஆள் ஏன் இப்படி விழ வேண்டும்? இப்போதும் தினம் குத்துகிறேன், நிறம் குறையவில்லை. மருந்து நீங்கள் சொன்னபடி நடக்கிறது.

தெரசம்மாள்

*

குவைத்
2.3.83

தெரசம்மாளுக்கு,

என் சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

"பிறகு தெளிந்துவிட்டார்." எப்படித் தெளிந்தான்? வானத்திலிருந்து தூதன் வந்து தெளியவைத்தானா? என்ன கொடுத்தாய் என்று எழுதவில்லை. எழுதாமல் விட்டதே எனக்குப் பதில்.

முப்பது யூனிட் போட்டும் நிறம் இறங்கவில்லை என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, மருந்து போதவில்லை. இரண்டு, ஒரு கையில் மருந்து, மறு கையில் மிட்டாய். உன் வீட்டில் இரண்டும் நடக்கிறது. சீனி ஏறி ஏறியே மூளை குழம்பியிருக்கிறது அவனுக்கு. முப்பத்தாறு போடு.

இனி உன்னை நம்பி அவனை விட்டுவைக்க என்னால் முடியாது. ஜூனில் வந்ததும் அவனை மெட்ராஸுக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே என் சிநேகிதி வீட்டு மாடியில் இடம் பேசிவிட்டேன். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. நீ வரவேண்டியதில்லை. நம் சபைப் போதகர் சாமுவேல்ராஜுக்கும் எழுதிவிட்டேன்: தம்பியின் மனைவி அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறாள், நான் வருகிறவரை ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஆம், அதே வார்த்தைதான் எழுதினேன்.

நியாயாதிபதி அவர் ஒருவரே.

எஸ்தர்ராணி

*

கோவில்பட்டி
25.3.83

மதினிக்கு,

சுகமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

போதகர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அடுப்படியை எட்டி எட்டிப் பார்த்தார், டப்பாவில் லட்டு இருக்கிறதா என்று. போகும்போது உங்கள் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் மென்று மென்று சொன்னார். கொல்கிறாளாம்! பன்னிரண்டு வருஷமாக அவருக்குச் சோளச்சோறும் கம்மங்கூழும் ஆக்கிப்போட்டு, காலில் முள் தைத்தால் மடியில் வைத்துப் பிடுங்குகிறவள் நான். வருஷத்துக்கு ஒரு தடவை செண்டுப் பாட்டிலோடு வந்து ஒரு வாரம் தங்குகிறவர் நீங்கள். யார் கொல்கிறது?

இதைக் கேளுங்கள். ஆத்திரத்தில் நேற்றுக் காலை என் விரலையே துடைத்துக் குத்திக்கொண்டேன். நான் குடித்திருந்தது உப்புப் போட்ட கூழ். உங்கள் குச்சி என்ன சொல்லிற்று தெரியுமா? இருநூற்று நாற்பது! எனக்கும் சீனி வியாதியாம். நல்ல கதை! மூட்டை தூக்குகிற உடம்பு இது. இன்றைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை தின்றதில்லை.

குச்சி பொய் சொல்கிறது. குவைத்திலிருந்து வந்தது என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடாது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் என் புருஷனை என்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். தூக்கிக்கொண்டு போவதானால் என்னைத் தாண்டிப் போங்கள்.

தெரசம்மாள்

*

குவைத்
10.4.83

தெரசம்மாளுக்கு,

உயிர்த்தெழுந்தவரின் சமாதானம். அது உனக்கு அவசியம் வேண்டும்.

குச்சி பொய் சொல்கிறது என்று கேஸை என் மேல் திருப்புகிறாய். எனக்கு இந்தக் குச்சி தினப்படிச் சோறு. மூடியைத் திறந்து போட்டிருப்பாய், மழை ஈரம் பட்டிருக்கும், வெயிலில் வைத்திருப்பாய், எல்லாம் சரி. ஆனால் எண்பத்திரண்டு மார்க்கே, இதைத் தெரிந்துகொள்: இப்படிக் கெட்டுப்போன குச்சி வெளிறித்தான் போகும். இருக்கிறதைக் குறைத்துக் காட்டும். இல்லாத சீனியை எங்கிருந்து கொண்டுவந்து காட்டும்? சீனி எங்கேயோ இருக்கிறது. அதனால்தான் காட்டுகிறது.

உனக்கும் இருநூற்று நாற்பது என்றால் உனக்கும் சீனிதான். இருவரும் ஒரே தட்டில் தின்கிறீர்கள். அவனோடு சேர்த்து நீயும் போய்ப் பரிசோதித்துக்கொள்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஜூன் பத்தாம் தேதி கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்குவேன். அவன் துணிமணியை எடுத்து வை. முப்பத்தாறு நடக்கிறதா என்று எழுது.

எஸ்தர்ராணி

*

கோவில்பட்டி
28.4.83

அன்புள்ள அக்காவுக்கு,

எபநேசர் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறாயா? நான் சுகமாக இருக்கிறேனா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆறு மாசமாக நீயும் இவளும் எழுதிக்கொள்கிறீர்கள். விரல் என்னுடையது. மண்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், வீட்டில் எழுதினால் இவள் தோளுக்கு மேலே நின்று படிப்பாள்.

போன வெள்ளிக்கிழமை குளத்தூர்ப் பக்கத்திலிருந்து புது வத்தல் வந்தது. காரம் பார்க்க வலது கையால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். நீ போடச் சொன்ன ஓட்டையெல்லாம் விரலில் இருக்கிறதே! உள்ளே இறங்கிற்று பார், அம்மாடி! உயிர் போய் உயிர் வந்தது. அந்தக் கையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன், மோரில் ஊறவைத்தேன், மறுபடி சோப்புப் போட்டேன். வீட்டுக்கு வந்தால் இவள் ஊசியோடு நிற்கிறாள். "இன்னைக்கு ஒருநாள் விட்டுரேன்" என்றேன். "உங்க அக்கா விடுவாகளா?" என்று வலது கை விரலில் குத்தினாள்.

வெளிறின நீலம். நூற்றிருபது.

"குச்சி கெட்டுப்போச்சு" என்று இவள் இன்னொன்றை எடுத்தாள். இந்தத் தடவை இடது கை. அது தண்ணீர் படாத கை. கருநீலம்! "ஏட்டி, ஒரே உடம்புல ரெண்டு ரத்தமா ஓடுது?" என்றேன். இவள் முகம் செத்துப்போயிற்று. இடது கையையும் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்தினேன். "இப்பக் குத்து" என்றேன். வெளிறின நீலம்.

என்ன விஷயம் என்று நான் சொல்கிறேன். நீ சொன்ன ஊசியால் மூன்று வேளை குத்தி விரல் புண்ணாகிவிட்டது. முள் தைத்தால் நம்மூரில் என்ன செய்வோம்? கருப்பட்டியும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவோம். அம்மா உனக்கும் எனக்கும் பூசியிருக்கிறாள். தெரசாவும் ஒவ்வொரு தடவை குத்தின பிறகும் பூசினாள். மழைக்குக் கசிந்து பாகாய் நின்ற கருப்பட்டி வேறு. முதலில் நான் கழுவிவிட்டு வந்தேன், ஒன்றும் தெரியவில்லை. நீ தண்ணீரே படக் கூடாது என்று எழுதினாய். துணியால் துடைத்தால் மேலே இருக்கிறது போகும். ஓட்டைக்குள்ளும் ரேகைக்குள்ளும் இருக்கிறது போகுமா? இவள் குழைக்கிற விரலுக்கும் அதே கதைதான். இவளுக்கும் சீனி வியாதி என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். தின்றால்தானே சீனி, பூசினால் என்ன என்று நானும் மாடு மாதிரி இருந்துவிட்டேன். இவள் உன்னிடம் சொல்லவில்லை, பச்சிலை வைத்தியம் என்று நீ வாயில் போட்டு மெல்லுவாய் என்று பயம்.

போதும் அக்கா. ஒருத்தி கழுவாதே என்றாள், ஒருத்தி பூசினாள். நடுவில் நான் மண்டியில் முதலாளியை "ஏலே" என்று கூப்பிட்டு மானம் போய் நிற்கிறேன். மெட்ராஸுக்கு நான் வரவில்லை. மருந்து நீ சொன்ன முப்பத்தாறுதான் இவள் போடுகிறாள். நான் ஊசியைப் பார்க்க மாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். அதையே போட்டுக்கொள்கிறோம்.

உன் தம்பி,
எபநேசர்

*

குவைத்
13.5.83

தெரசம்மாளுக்கு,

இதற்குள் என் தந்தி கிடைத்திருக்கும். மருந்தை உடனே இருபதுக்கு இறக்கு. இறக்கிவிட்டாயா? இறக்கிவிட்டேன் என்று திருப்பித் தந்தி கொடு. கடிதத்துக்குக் காத்திருக்க என்னால் முடியாது.

கழுவி, உலர்த்தி, பிறகு குத்து என்று நான் எழுதியிருக்க வேண்டும். இங்கே எல்லோரும் கையைக் கழுவிக்கொண்டு வந்துதான் உட்காருவார்கள், அதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நீயும் பூசுகிறதை ஒரு வரி எழுதியிருந்தால் நான் அப்போதே பிடித்திருப்பேன். எழுதவில்லை. அதை நான் மறக்க மாட்டேன்.

எபநேசர் கடிதத்தைப் படித்ததிலிருந்து தண்ணீர் இறங்கவில்லை. இங்கே டாக்டரிடம் சொன்னேன். "எந்தப் புத்திகெட்டவன் கடிதத்தில் இன்சுலினைக் கூட்டினான்?" என்று கேட்டார். நான்தான் என்று சொல்லாமல் தந்தியாபீஸுக்கு ஓடினேன்.

அவனுடைய நிஜச் சீனி நூற்றிருபது என்றால், முப்பது யூனிட்டில் அவன் விழுந்தது சீனி ஏறி அல்ல, இறங்கி. அப்படியானால் முப்பத்தாறில் அவன் தூங்கினவன் எழுந்திருக்கவே கூடாது. இரண்டு மாசமாக முப்பத்தாறு போடுகிறாய். நன்றாக இருக்கிறேன் என்று எழுதுகிறான். அது எப்படி? எனக்குக் கணக்கு இடிக்கிறது. உண்மையைச் சொல், தெரசம்மாள். என்ன போட்டாய்?

எஸ்தர்ராணி

*

கோவில்பட்டி
30.5.83

மதினிக்கு,

உங்கள் தம்பி நலம். முதலில் அதைப் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். நான் பதில் தந்தி கொடுத்தேன், கிடைத்திருக்கும். "நலம்" என்று மட்டும்தான் கொடுத்தேன். மற்றதைத் தந்தியில் சொன்னால் தபாலாபீஸே கூடி நின்று கேட்கும்.

இருபதுக்கு இறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். இறக்க முடியாது, மதினி. அது ஏறவே இல்லை.

அந்த நாலைந்து நாள் முப்பது போட்டேன். அவர் கட்டிலில் கிடந்து இழுத்தபோது குச்சி கருநீலமாகத்தான் இருந்தது. உங்கள் கடிதம் ஜன்னலில் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு துண்டு கருப்பட்டியை நுணுக்கி, விரலால் ஈறோடு வைத்து வைத்துத் தேய்த்தேன். பல் கிட்டிக் கடித்துவிட்டார், தழும்பு இருக்கிறது. வாய் திறந்த பிறகு கரைத்து ஊட்டினேன். "தெரசா, ஏன் அழுத?" என்று கேட்டார். இந்தப் பொம்பள யாரு என்று கேட்ட வாய்தான். அன்றைக்கு முடிவு செய்தேன், இருபதுக்கு மேல் ஒரு சொட்டும் ஏற்றுவதில்லை என்று.

உங்களிடம் சொன்னால் என்ன செய்திருப்பீர்கள்? அடுத்த விமானத்தில் வந்து அவரைத் தூக்கிப்போயிருப்பீர்கள். மெட்ராஸில் ஒருத்தி உங்கள் சொல்லைக் கேட்டு முப்பத்தாறு போட்டிருப்பாள். அதனால் மருந்து நீங்கள் சொன்னபடி நடக்கிறது என்று எழுதினேன். அவரிடம் முதலில் முப்பது என்றேன், பிறகு முப்பத்தாறு என்றேன். மூன்றரை மாசமாக நாக்கூசாமல் பொய் சொன்னேன்.

ஆனால் சந்தோஷமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். குச்சியில் கருநீலம் வருகிறபோதெல்லாம், மருந்தைக் குறைத்து இவரைக் கொல்கிறவள் நானேதான் என்று நினைத்துக்கொண்டுதான் நிற்பேன். நீங்கள் போதகருக்கு எழுதின வரியை அவர் என் வீட்டில் உட்கார்ந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது பொய். பயம்தான் வந்தது. மெய்யைத்தான் சொல்கிறாரோ என்று. அந்தப் பயத்தில்தான் என் விரலையே குத்திக்கொண்டேன். மூன்று வேளையும் அந்தப் பயத்தோடு குத்தினேன், மதினி. பக்கத்தில் படுத்து மூச்சு வருகிறதா என்று கையை வைத்து வைத்துப் பார்த்தேன். டாக்டரைக் கேட்டு எழுதுகிறேன் என்றீர்கள். எந்த டாக்டரைக் கேட்டீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

கருப்பட்டி பூசினது என் தப்பு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இப்போது வெறும் வேப்பெண்ணெய்தான். கழுவி உலர்த்திக் குத்துகிறேன், வாரத்துக்கு இரண்டு தடவை. மருந்தை இனிமேல் இங்கே டாக்டர்தான் சொல்லுவார். அவருடைய நீல மருந்து ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

பத்தாம் தேதி வாருங்கள். வராதே என்று சொல்ல மாட்டேன், அவர் உங்கள் தம்பி. சோறு போடுவேன். கூட்டிப்போகிற பேச்சை எடுத்தால் தட்டை எடுத்துவிடுவேன்.

வருவதற்கு முன்னால் ஒரு வேலை. போதகருக்கு எழுதினீர்களே, அதே போல இன்னொரு கடிதம் எழுதுங்கள். தெரசம்மாள் என் சொல்லைக் கேட்கவில்லை, அதனால்தான் என் தம்பி இருக்கிறான் என்று. அதை அவர் சபையில் வாசிக்க வேண்டாம். என் வீட்டுக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு வாசித்துக் காட்டட்டும்.

தெரசம்மாள்